பாரம் யார் தலையில்?

அன்புள்ள அக்கா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். வயது முப்பத்தாறு, தனியார் நிறுவனத்தில் வேலை. இரண்டு வருடமாக எளிமையாக வாழப் பார்க்கிறேன். பைக்கை விற்றுவிட்டு சைக்கிளில் போகிறேன். மிக்ஸி, வாஷிங் மெஷின் இரண்டையும் கொடுத்துவிட்டோம். பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்குப் பதிலாக மூங்கில் பிரஷ். தோல் செருப்பு போடுவதை நிறுத்தி, ‘வீகன் லெதர்’ செருப்பு ஆன்லைனில் வரவழைத்தேன். சொந்தக்காரர்கள் கஞ்சன் என்கிறார்கள். மனைவி ஆரம்பத்தில் ஒத்துழைத்தாள், இப்போது சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏழு வயது மகள் லைட் எரியும் ஷூ கேட்டு அழுகிறாள். ஊரே வாங்கிக் குவிக்கும்போது நான் ஒருவன் குறைத்துக்கொள்வதால் என்ன மாறிவிடும் என்று சோர்வாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் செருப்பைப் பற்றி இருந்த அந்த ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சைக்கிள் நல்லது, விடாதீர்கள். கஞ்சன் என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூங்கில் பிரஷ்ஷின் கைப்பிடிதான் மூங்கில், பல்லில் படுகிற முடி பெரும்பாலும் நைலான். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சரி, செருப்பு. வீகன் லெதர் என்று உங்களுக்கு வந்தது அநேகமாகத் துணிமேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியதாக இருக்கும். நாம் சின்ன வயதில் ரெக்சின் என்று சொன்னோமே, அந்த வகைதான். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்ததைத் தைக்க முடியாது. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் அது குப்பைக்குத்தான் போகும், மக்கவும் மக்காது.

அப்படியானால் ஆம்பூர் தோல் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதையும் நான் சொல்ல மாட்டேன். நான் பாலாற்றங்கரைக்காரி. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் எங்கள் கிராமம். நந்தி மலையில் பிறந்து ஆந்திராவைக் கடந்து வருகிற ஆறு, எங்கள் ஊருக்கு வரும்போது வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலுக்கு அடியில்தான் ஓடும். கையால் மணலைப் பறித்தால் ஊற்று சுரக்கும். எங்கள் கரைக் கிணறுகளுக்கெல்லாம் அந்த ஊற்றுத் தண்ணீர்தான்.

எழுபதுகளில், பாதி பதனிட்ட தோலாக அனுப்பாமல் முழுக்கப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் செய்து ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பெருகின. பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். குரோமியம் உப்பு அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடும். போடுகிற குரோமியம் முழுவதையும் தோல் குடிப்பதில்லை, மூன்றில் ஒரு பங்கு போலக் கழிவுநீரோடு வெளியே வரும். பழைய முறையே சுத்தம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். எந்த முறையானாலும் தோல் உப்பில் கட்டித்தான் வந்து இறங்கும். அந்த உப்பை முதலில் கழுவி வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போனது?

எங்கள் மாமாவின் கிணற்றுக்கு வந்தது. முதலில் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பிறகு தென்னையில் காய் சிறுத்தது, நெல் பயிர் நுனி கருகியது. குடிதண்ணீருக்கு அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போக வேண்டியதாயிற்று. போனது மாமா இல்லை, என் அம்மாவும் அத்தையும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அம்மாவுக்கு வந்த முதுகுவலி கடைசிவரை தீரவில்லை. அதே காலத்தில் என் பெரியப்பா ஒரு டேனரியில் கூலிக்குப் போனார். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தோம், நான் உட்பட. இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் காலையில் வேன் ஏறி ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் சொந்தமாகக் கொஞ்சம் காசு புழங்குவது அந்த வேலையால்தான். எல்லாவற்றையும் இழுத்து மூடுங்கள் என்று தூரத்தில் இருக்கிற யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றை விடாமல் சொல்வேன். ஐரோப்பாவில் ஒருவர் அந்த ஷூவை மலிவாக வாங்கினார் என்றால், அந்த விலையில் சேராத செலவை யாரோ சுமந்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய விலைச்சீட்டில் என் அம்மாவின் முதுகு இல்லை, மாமாவின் தோப்பு இல்லை.

இதைக் கேட்டுத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரிகள் இருக்கிற பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவருக்கும் ஈடு கொடுக்க வேண்டும், மண்ணையும் நீரையும் மீட்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக்கியது அந்தத் தீர்ப்பு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் இந்த வழக்கை நம் ஊர்ப் பெயரில்தான் படிக்கிறார்கள். நீங்கள் படித்திருக்கிறீர்களா, தம்பி? நுகர்வைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள், கடிதத்தில் பாலாறு என்ற சொல்லே இல்லை. காட்பாடியிலிருந்து வேலூருக்கு வர அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.

தீர்ப்போடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பல டேனரிகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள், அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கரைந்த உப்பைப் பிரிப்பது பெரிய வேலை. பிரித்தெடுத்த உப்பையும் கசடையும் எங்கேயாவது வைத்தாக வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அநேகமாக எல்லோரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கரைக் கிராமத்து விவசாயி சுமந்த பாரத்தைச் சட்டம் இறக்கச் சொன்னது, அது இடம் மாறி அந்தப் பையன்கள் மேல் விழுந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும், இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கொடுத்து முடியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது நடுவயதில் இருந்த எங்கள் ஊர் விவசாயிகள் பலர் இன்று உயிரோடு இல்லை.

எளிமை என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்கிறேன். என் பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த எளிமை. சாமான் குறைவாக இருப்பது அதற்கு அப்புறம் வருகிற விஷயம்.

இப்போது உங்கள் வாஷிங் மெஷினுக்கு வருகிறேன். ‘கொடுத்துவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு துணி துவைப்பது யார்? உங்கள் பேன்ட், பிள்ளையின் யூனிஃபார்ம், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் கல்லில் அடித்துப் பிழிவது யார்? மிக்ஸி இல்லாத வீட்டில் சட்னியும் மாவும் அரைப்பது யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுமப்பது நீங்களாக இருந்தால் இரண்டு வரியாவது வந்திருக்கும். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அவர்மேல் வருத்தமே இல்லை, இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டாரே என்றுதான் இருக்கிறது. டேனரிக் கழிவு ஆற்றில் இறங்கியதற்கும், உங்கள் கொள்கையின் செலவு ஒரு பெண்ணின் தோளில் இறங்கியதற்கும் கணக்கு ஒன்றுதான். இரண்டிலும் சுமந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1921-இல் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. பேட்டன் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் மில் வைத்திருந்த பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே வந்து கதர் உடுத்தி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாங்கள் விட்டதன் சுமையைத் தாங்களே சுமந்தார்கள், அதற்கு மேல் ஊரின் நோயையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் ஆசிரமத்தில் போய் உட்கார முடியாது, குடும்பஸ்தர் உட்காரவும் கூடாது. ஆனால் நீங்கள் விடுகிற ஒவ்வொன்றையும் அவர்கள் விட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் ஒருவன் குறைத்துக்கொள்வதால் என்ன மாறும் என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. தனியாக, வீட்டுக்குள்ளேயே குறைத்துக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. 1991-இல் வழக்குக்குப் போனவர்கள் தங்கள் வீட்டில் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சேர்ந்து போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். கிணறு கெட்டவர் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று விசாரியுங்கள். அந்த வேலையில் இறங்கினால் இந்தச் சோர்வுக்கு நேரம் இருக்காது.

மகளுக்கு அந்த ஷூவை வாங்கிக் கொடுங்கள். வளர்கிற கால், ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள். ஏழு வயதுப் பிள்ளை உங்கள் கொள்கைக்காக வகுப்பில் தலைகுனிந்து உட்கார வேண்டியதில்லை. லைட் அணைந்த பிறகும் ஷூ நன்றாக இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள், கேட்பாள்.

உங்களுக்குச் செருப்பு வேண்டுமென்றால் இப்போது இருப்பது முழுக்க அறுகிறவரை போடுங்கள். அடுத்தது தைத்து, அடி மாற்றிப் பல வருடம் போடக்கூடிய ஒன்றாக வாங்குங்கள், தோலாக இருந்தாலும் சரி.

வாஷிங் மெஷினைத் திரும்ப வாங்குங்கள். ரிப்பேர் செய்து விற்கிற பழையதே போதும். வாங்க மனம் ஒப்பவில்லை என்றால் வீட்டுத் துணி மொத்தத்தையும் இனி நீங்கள் துவையுங்கள், மாவையும் நீங்களே அரையுங்கள். எது என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். அவருக்கு எழுதத் தோன்றினால் எழுதச் சொல்லுங்கள், மற்ற கடிதங்களுக்கு முன்னால் அதைப் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா