வீடியோ சுருக்கத்தில் மோஷன் எஸ்டிமேஷன் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெரும்பாலும் அதே காட்சிதான், கொஞ்சம் நகர்ந்திருக்கும். வீடியோவைச் சுருக்கும் நிரலான என்கோடர் ஃபிரேமை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. இதுதான் மோஷன் எஸ்டிமேஷன். நகர்வையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் சேமித்தால் போதும்.

தேடல்தான் செலவு. எல்லாப் பக்கமும் 7 பிக்சல் வரை பார்த்தாலே 225 இடங்கள். ஒவ்வொன்றிலும் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட 256 கழித்தல்கள். 1981-இல் வந்த மூன்று படித் தேடல் இதை 25 இடங்களாகக் குறைத்தது. முதலில் 4 பிக்சல் தள்ளி எட்டுத் திசையிலும் பார்க்கும், சிறந்த இடத்துக்கு நகரும், அப்புறம் 2, பிறகு 1. சரி, முதல் படியிலேயே தவறான பக்கம் போய்விட்டால்? மீள்வது கஷ்டம். அதனால்தான் எக்ஸ்264 போன்ற என்கோடர்கள் பக்கத்துக் கட்டங்களின் நகர்வை வைத்து முதலில் ஊகித்து, அங்கிருந்து வைர வடிவிலோ அறுகோண வடிவிலோ தேடுகின்றன. முழுத் தேடலும் அதில் உண்டு. காத்திருக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் லாபம் அற்பம்.