நேப்பியர் பாலத்தின் நேப்பியர் யார்?

கேள்வி இதுதான்: "சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பெயர் கொடுத்த நேப்பியர் யார்? பாலம் கட்டியதைத் தவிர உருப்படியாக ஏதாவது செய்தாரா?"

செய்தார். ஆனால் அந்த உருப்படியான காரியம் நடந்தது சென்னையில் இல்லை. அவருடைய 63 வயதில், ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், மழையும் காற்றும் அடிக்கும் தீவுகளில் நடந்தது.

முதலில் ஆளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் நேப்பியர்கள் நிறையப் பேர். சிந்துவைப் பிடித்தவர் சார்லஸ் நேப்பியர். கொழும்பில் பிறந்து, பிற்பாடு அபிசீனியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்தவர் ராபர்ட் நேப்பியர். நம்மவர் பிரான்சிஸ் நேப்பியர், 10ஆம் நேப்பியர் பிரபு. ராபர்ட், பிரான்சிஸ் இருவருமே இந்தியாவின் தற்காலிக வைசிராயாகச் சில நாட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதால், இணையத்தில் ஒருவர் படத்தைப் போட்டு இன்னொருவர் கதையைச் சொல்லும் கூத்தும் நடக்கும். பள்ளியில் நம்மை லாகரிதம் அட்டவணையோடு மல்லுக்கட்ட வைத்த ஜான் நேப்பியரும் இதே வம்சம்தான்.

பிரான்சிஸ் பிறந்தது 1819இல், ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் எட்ரிக் பள்ளத்தாக்கில் உள்ள தேர்ல்ஸ்டேன் என்ற குடும்ப மாளிகையில். அது ஆட்டு மந்தைகளின் ஊர். அப்பா, 9ஆம் பிரபு, கடற்படை அதிகாரி. மலைப்பகுதியில் ஆடு வளர்ப்பது பற்றி ஒரு நூலே எழுதியவர். அவரை 1834இல் பிரிட்டிஷ் அரசு சீனாவுக்கு வணிகக் கண்காணிப்பாளராக அனுப்பியது. கான்டனில் இறங்கியவர், "நான் மனு கொடுக்கமாட்டேன், கடிதம்தான் கொடுப்பேன்" என்று முறுக்கிக்கொண்டார். சீன அதிகாரிகள் வணிகத்தையே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலோடு மக்காவ் திரும்பி, அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார். ஊரில் 15 வயது பையன் பிரபுவானான்.

மகன் அப்பாவைப் போல இல்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் என்றுதான் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. கேம்பிரிட்ஜில் சேர்ந்து பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1840இல் தூதரகப் பணி. வியன்னா, தெஹ்ரான், கான்ஸ்டான்டினோபிள், நேப்பிள்ஸ் என்று ஒரு சுற்று. 1857இல் வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதர். அங்கே நல்ல செல்வாக்கு. அவர் கிளம்பும்போது வில்லார்ட்ஸ் ஹோட்டலில் நகரமே திரண்டு நடன விருந்து வைத்து அனுப்பியது. அப்புறம் தி ஹேக், பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கடைசியாக பெர்லின்.

இதில் ரஷ்யாவை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 1861இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் பண்ணையடிமை முறையை ஒழித்தபோது அங்கே பிரிட்டிஷ் தூதர் இவர்தான். விடுதலையான குடியானவர்களின் நிலம் பெரும்பாலும் தனித்தனி ஆட்களின் கைக்குப் போகவில்லை. 'மிர்' என்ற ஊர்க்கூட்டின் பொறுப்பில் விடப்பட்டது. நிலத்துக்கு ஊர் மொத்தமும் பொறுப்பு என்ற ஏற்பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

1866 மார்ச்சில் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். வந்ததும் வராததுமாகக் கஞ்சம் மாவட்டத்தில் பஞ்சம். ஒடிசாவைச் சூறையாடிய அதே பஞ்சம்தான், கஞ்சம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கிரிமியப் போர்க் காலத்தில் கான்ஸ்டான்டினோபிளில் அறிமுகமான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலோடு சுகாதாரம், பாசனம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கட்டடங்களில் அவருக்குத் தனி ருசி. இந்தியக் காலநிலைக்கும் கைவினைக்கும் இந்தியப் பாணிதான் பொருந்தும் என்று வாதாடியவர். கட்டடக் கலைஞர் சிஷோம் கடற்கரையில் மாநிலக் கல்லூரியை எழுப்பியது இவர் காலத்தில். இடிந்து கிடந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட வைத்ததும் இவர்தான். இன்று அங்கே ஒலி ஒளிக் காட்சி பார்க்க நாற்காலி போட்டு உட்காருகிறோம் என்றால் அதில் இவருக்கும் பங்கு உண்டு. திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் இவர் பெயரில்தான். கூவம் கடலில் சேரும் இடத்தில் 1869இல் பாலம் வந்தது. அது இரும்புப் பாலம். இப்போது நாம் செல்ஃபி எடுக்கும் கான்கிரீட் வளைவுகள் பின்னால் வந்தவை.

1872 பிப்ரவரியில் வைசிராய் மேயோ அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டார். நேப்பியர் கல்கத்தா போய் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். மே மாதம் புதிய வைசிராய் நார்த்புரூக் வந்ததும் ஊருக்குக் கப்பல் ஏறினார். எட்ரிக் பிரபு என்று கூடுதலாக ஒரு பட்டம் கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு இதோடு கதை முடிந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஹைலேண்ட்ஸ் என்ற மலைப்பகுதியில் கிராஃப்டர்கள் என்று சிறு குத்தகைதாரர்கள் இருந்தார்கள். கொஞ்சூண்டு பயிர் நிலம், ஊர்ப் பொதுவில் மேய்ச்சல் நிலம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நிலப்பிரபுக்கள் இவர்களைக் கூட்டம் கூட்டமாக நிலத்தைவிட்டு இறக்கிவிட்டுச் செம்மறி ஆடுகளை விட்டார்கள். ஆட்டில் லாபம் அதிகம். மிஞ்சியவர்களுக்கும் வருடாவருடம் கத்தி தொங்கியது. 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில், பறிபோன மேய்ச்சல் மலையைக் கேட்டு வாடகை தரமறுத்தார்கள். கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் போனார்கள். பெண்கள் கல்லால் அடித்தார்கள். விஷயம் பாராளுமன்றம்வரை போனதும் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1883இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்து நேப்பியரைத் தலைவராக்கியது. குழுவில் ஆறு பேர், அதிலும் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்புகிறார்களே என்று மக்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

மே 8ஆம் தேதி பிரேஸிலேயே முதல் அமர்வு. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட். குறையைச் சொல் என்றால் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் என்னை நிலத்தைவிட்டுத் துரத்தமாட்டார்கள் என்று முதலில் உறுதி கொடுங்கள் என்றார். அப்படி உறுதி கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்பதை நேப்பியர் மறைக்காமல் சொன்னார். பண்ணைக் காரியஸ்தர் அங்கேயே இருந்தார். பழிவாங்கமாட்டோம் என்று அவர் வாயால் வந்த பிறகுதான் ஸ்டூவர்ட் பேசினார்.

இதைப் படித்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். என் தாத்தா குத்தகை விவசாயி. அளவு பற்றி ஒரு தகராறில் தாசில்தார் ஊருக்கு வந்தபோது, நிலக்காரரின் ஆள் பக்கத்தில் நிற்கிறான் என்பதற்காகவே "ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். காரியஸ்தரை எல்லார் முன்னாலும் வாய் திறக்க வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

குழு 61 இடங்களில் உட்கார்ந்தது, 775 பேரிடம் 46,750 கேள்வி கேட்டது. பலர் தங்கள் தாய்மொழியான கேலிக்கில்தான் பேசினார்கள், கூடவே மொழிபெயர்ப்பு. ஜூனில் ஸ்டோர்னவே அருகே அவர்கள் போன 'லைவ்லி' என்ற அரசுக் கப்பல் பாறையில் மோதி நாசமானது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, விசாரணை தொடர்ந்தது. அந்தச் சாட்சியங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஏழை விவசாயிகள் தங்கள் வாயாலேயே சொன்ன வரலாறு இந்த அளவில் வேறு எங்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

1884 ஏப்ரலில் அறிக்கை வந்தது. மக்கள் சொன்ன குறைகளில் பெரும்பகுதி உண்மை என்று ஒப்புக்கொண்டது. அதோடு, கிராமத்தை ஓர் அமைப்பாகவே சட்டம் ஏற்க வேண்டும், மேய்ச்சல் நிலத்தைப் பெருக்கிக் கேட்கும் உரிமை அந்த ஊருக்கு வேண்டும் என்றது. ரஷ்யாவில் மிர்ரையும் இந்தியாவில் கிராமங்களையும் பார்த்த மனிதருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஸ்காட்லாந்தின் பிரபுக்களுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. ஆர்கைல் கோமகன் பத்திரிகையில் காய்ச்சி எடுத்தார், நேப்பியர் பதில் எழுதினார். இந்த ஆர்கைல்தான் நேப்பியர் சென்னையில் இருந்த பிந்தைய ஆண்டுகளில் லண்டனில் இந்தியா மந்திரி, அதாவது இவருடைய மேலதிகாரி!

அறிக்கையில் ஓட்டையும் உண்டு. ஆண்டுக்கு 6 பவுண்டுக்குக் கீழே வாடகை கொடுக்கும் பரம ஏழைகளுக்கு அதில் நிலப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு அவர் காட்டிய வழி, வெளிநாட்டுக்குக் குடிபெயர்வது. பாதியில் அவருக்குள் இருந்த பிரபு விழித்துக்கொண்டார் என்றுதான் சொல்வேன். நல்லவேளை, அரசு அந்த வரம்பை எடுத்துக்கொள்ளவில்லை. 1884இல் வாக்குரிமை விரிந்தது, அடுத்த ஆண்டுத் தேர்தலில் கிராஃப்டர்களின் ஆட்களே சிலர் ஜெயித்துப் பாராளுமன்றம் போனார்கள். 1886 சட்டம் நேப்பியரின் கிராமத் திட்டத்தையும் ஓரங்கட்டிவிட்டு, நிலத்தைவிட்டு இறக்க முடியாத உரிமை, நியாய வாடகை, செய்த மேம்பாட்டுக்கு ஈடு என்று நேராகக் கொடுத்தது. சிறு குத்தகைதாரரும் உள்ளே வந்தார்.

அவர் 1898 டிசம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இறந்தார். சென்னையில் அவர் பெயரில் ஒரு பூங்காவும் இருந்தது, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். நேப்பியர் பூங்கா என்று கேட்டால் இப்போது யாருக்கும் தெரியாது, மே தினப் பூங்கா என்று கேளுங்கள்.