ஸ்டார் எண்ணிக்கை பார்த்து ஃபிரேம்வொர்க் எடுக்கலாமா?

கேள்வி: அலுவலகத்துக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதப் போகிறோம், குறைந்தது பத்து வருடம் ஓட வேண்டும். ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்கை (அப்ளிகேஷனுக்கு அடித்தளமாக வைத்துக்கொள்ளும், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் தொகுப்பு) தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஸ்டார் அதிகம் உள்ளதை எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டார் என்பது யாரோ ஒருநாள் ஆர்வத்தில் பட்டனை அமுக்கிய கணக்கு, அவ்வளவுதான். வெர்ஷன் நம்பரையும் ரொம்ப நம்பாதீர்கள். ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க் 2005இல் வெளிவந்தது, அதன் 1.0 வெர்ஷன் வந்தது 2008இல். நடுவில் இருந்த மூன்று வருடமும் அதில் நிஜத் தளங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நான் முதலில் பார்ப்பது, பழைய வசதியை எப்படிக் கழற்றுகிறார்கள் என்பதைத்தான். ஜாங்கோவில் ஒன்றை நீக்க முடிவெடுத்தால் உடனே தூக்கிவிட மாட்டார்கள். குறைந்தது இரண்டு ஃபீச்சர் ரிலீஸ் (புது வசதிகளோடு வரும் வெளியீடு) வரை அது பழையபடி வேலை செய்யும், கூடவே 'இது போகப் போகிறது' என்று எச்சரிக்கையும் காட்டும். சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்பதால் உங்கள் நிரலை மாற்ற உங்களுக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ள) வெர்ஷன் என்றால் மூன்று வருடம் பாதுகாப்பு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வரும்.

பெரிய கம்பெனி பின்னால் இருக்கிறதே என்பீர்கள். ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குக்குப் பின்னால் கூகுள்தான் இருந்தது. 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது அடியோடு திருத்தி எழுதப்பட்ட வேறொரு சரக்காக வந்தது. பழையதற்கான ஆதரவை 2021 கடைசி வரை இழுத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரீன்களை மறுபடி உட்கார்ந்து எழுதியது அதை நம்பி எடுத்தவர்கள்தானே.

அப்புறம் பாதுகாப்பு. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ஒரு மோசமான ஓட்டை தெரியவந்தது, பேட்ச்சும் கையோடு வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் ஈக்விஃபாக்ஸுக்குள் மே மாதம் அதே ஓட்டை வழியாக நுழைந்து, 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஃபிரேம்வொர்க்காரர்கள் பேட்ச் தந்தால் மட்டும் போதாது, ஓடுகிற சிஸ்டத்தில் பயப்படாமல் அதைப் போட முடிய வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேண்டுமென்றே ஒரு பழைய வெர்ஷனை எடுத்து, லாகின், ஒரு ஃபார்ம், நாலு டேபிள் வைத்துச் சின்னதாக ஒன்று எழுதுங்கள். பிறகு ரிலீஸ் குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வெர்ஷனுக்கு ஏற்றிப் பாருங்கள். எது உடைந்தது, உடைந்ததைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரியாவது இருந்ததா, அல்லது ஏதோ ஒரு பழைய விவாதத்தைத் தோண்டித்தான் விடை கண்டுபிடித்தீர்களா? ஒரு மதிய வேலைதான், ஆனால் ஒப்பீட்டு அட்டவணை எதிலும் கிடைக்காத விஷயம் இதில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்களுக்குப் பிடித்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு வருடமாக ஒரு கமிட்கூட (நிரலில் பதிவு செய்யும் மாற்றம்) இல்லை. முதிர்ச்சி அடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தேதியை ஃபார்மட் செய்கிற சின்ன லைப்ரரி என்றால் சரி, வேலை முடிந்துவிட்டது என்று விடலாம். வெப் ஃபிரேம்வொர்க்கில் அது நடக்காது. அடியில் இருக்கும் மொழி மாறும், பிரவுசர் மாறும், புதுசாக ஓட்டை கண்டுபிடிப்பார்கள். கடைசியாக வந்த பத்துப் புகார்களைத் திறந்து பாருங்கள், பராமரிக்கிறவர் எதற்குமே பதில் போடவில்லை என்றால் வேறு பாருங்கள்.