யார் கையில் இருக்கிறது?

கேள்வி: ஐ-ஃபிளெக்ஸ் என்ற நம்மூர் வங்கி மென்பொருள் கம்பெனியை ஆரக்கிள் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி வாங்கிவிட்டது. இப்படி ஒரு இந்தியச் சொத்து வெளிநாட்டார் கைக்குப் போனதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா?

பதில்: யார் கையிலிருந்து போனது என்று பாருங்கள். சிட்டி வங்கிக் குழுமம் 1992-ல் மும்பையில் 'சிட்டில்' என்று ஒரு கம்பெனியைத் தனியாகப் பிரித்தது. ராஜேஷ் ஹுக்கு தலைமையில் அது மைக்ரோபேங்கர் என்ற மென்பொருளை வளரும் நாடுகளின் சின்ன வங்கிகளுக்கு விற்றது. 1997-ல் ஃபிளெக்ஸ்கியூப் என்ற அடுத்த வங்கி மென்பொருள் வந்தது, 2000-ல் கம்பெனியின் பெயர் ஐ-ஃபிளெக்ஸ் ஆனது. 2005-ல் சிட்டி குழுமம் தன் 41 சதவீதப் பங்கை 59.3 கோடி டாலருக்கு ஆரக்கிளிடம் விற்றது. ஒரு அமெரிக்க முதலாளி இன்னொரு அமெரிக்க முதலாளிக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். உழைப்பும் மூளையும் நம் பிள்ளைகளுடையவை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

என் கவலை வேறொரு கையைப் பற்றியது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கணக்கில், இருப்பு குறைந்தது என்று சொல்லிப் பணம் பிடித்தார்கள். கேட்டதற்கு, "சிஸ்டம் எடுத்துக்கிச்சு சார், எங்க கையில ஒண்ணும் இல்லை" என்று பதில். இது பொய். ஃபிளெக்ஸ்கியூப் மாதிரி மென்பொருளின் சிறப்பே, வட்டி, கட்டணம், குறைந்தபட்ச இருப்பு எல்லாவற்றையும் புரோகிராமைத் தொடாமல் வங்கியே நிர்ணயித்துப் பதிந்துகொள்ளலாம் என்பதுதான். பல நாட்டு வங்கிகளுக்கு ஒரே மென்பொருளை விற்க முடிந்ததும் அதனால்தான். சிஸ்டம் பணம் எடுக்கிறது என்றால், எடுக்கச் சொல்லி வங்கித் தலைமையகத்தில் ஒருவர் பதிந்திருக்கிறார்.

1983-ல் கணினிமயத்துக்கு வரம்பு வைத்து ஒப்பந்தம் போட்ட வங்கி ஊழியர் சங்கங்களை இன்றைக்கும் பத்தாம்பசலிகள் என்று திட்டுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சண்டை போடுகிறேன். காரணம், கையால் கணக்கெழுதிய லெட்ஜர் காலத்தில் தப்பாகப் பிடித்த வட்டிக்குப் பக்கத்தில் ஒரு குமாஸ்தாவின் சுருக்கொப்பம் இருந்தது. யாரைக் கேட்பது என்று தெரிந்தது. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கையொப்பம் வேண்டும் என்கிறேன்.

இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து அவகாசம் தர வேண்டும், அபராதத்தால் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. பெரியவருக்கு எந்தத் தகவலும் போகவில்லை. சரி, என்ன செய்வது? கட்டணம் எந்த விதிப்படி, எப்போது அறிவித்துப் பிடிக்கப்பட்டது என்று வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், செலவில்லை.