வலிமையான கூட்டமைப்புக்குத் தனிச் சலுகையா?

கேள்வி: கைகளாலும் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில், எஸ்இசி என்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் அணிகளுக்கே, தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குழு சலுகை காட்டுகிறது என்று அங்கே படிக்கும் என் மகன் குறைப்படுகிறான். அது நியாயமான குறையா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பெருமளவு நியாயமே. 2006 முதல் 2012 வரை ஏழு பருவங்களிலும் தேசியப் பட்டம் எஸ்இசி அணிகளுக்கே சென்றது. அந்த வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்வுக்குழு வருவதற்கு முந்தைய 2011 பருவத்தில், சக எஸ்இசி அணியான எல்எஸ்யூவிடம் சொந்தத் திடலில் 9-6 என்று தோற்று, தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்துக்கே தகுதி பெறாத அலபாமா, பிக் 12 என்ற வேறொரு கூட்டமைப்பின் பட்டம் வென்ற ஓக்லஹோமா ஸ்டேட்டை முந்திக்கொண்டு தேசிய இறுதிக்குச் சென்று, அதே எல்எஸ்யூவை 21-0 என்று வீழ்த்தியது. ஜெயித்துவிட்டதால் தேர்வு சரி என்பார்கள். களமிறங்கவே வாய்ப்புக் கிடைக்காதவர் எதைக்கொண்டு மறுப்பார்?

2023இல் நடந்தது இன்னும் மோசம். 13 ஆட்டங்களிலும் தோல்வி காணாமல் ஏசிசி என்ற கூட்டமைப்பின் பட்டம் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட், தாக்குதலை வழிநடத்தும் முதன்மை குவார்ட்டர்பேக் காயமடைந்ததால் வலுவிழந்துவிட்டது என்று கூறி ஒதுக்கப்பட, ஒரு தோல்வி கண்ட அலபாமா தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் இடம்பிடித்தது. ஆடி முடித்த ஆட்டங்களைவிட, இனி எப்படி ஆடுவார்கள் என்ற ஊகத்துக்கு அதிக மதிப்பெண் வழங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 முதல் தேசியப் பட்டத்துக்கு மோதுவது 12 அணிகள்; அவற்றில் ஐந்து இடங்கள் கூட்டமைப்புகளை வென்றவர்களுக்கு உறுதி. ஆனால் அவ்வாண்டு நேரடியாகக் காலிறுதிக்குச் சென்ற நான்கு வெற்றியாளர்களும் அங்கேயே தோற்றனர் என்பதையும், தன் கூட்டமைப்பான பிக் டென்னின் இறுதியாட்டத்தை எட்டாத ஒஹாயோ ஸ்டேட்டே தேசியப் பட்டத்தை வென்றது என்பதையும் உங்கள் மகன் தம் வாதத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.