ஜெப நேரத்தில் பிள்ளைகள் தூங்கிவிழுந்தால்?

கேள்வி: இரவு ஒன்பதரைக்குக் குடும்ப ஜெபம் வைத்தால் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். அறுவடை நாட்களில் என் கணவரும் நெல் கொள்முதல் நிலையத்திலேயே தங்கிவிடுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, திருவிடைமருதூர்

பதில்: சகோதரி, ஜெபத்தை ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். வயிறு நிறைந்தால் பெரியவர்களுக்கே கண் சொருகும். பத்து நிமிடம் தாராளம்: கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், வேதாகமத்தில் எட்டு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். 119-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். 22 நாளில் முடியும். மாறி மாறி வாசியுங்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வரிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டுங்கள்.

நேரத்தைவிட ஜெபத்தைக் கெடுப்பது இன்னொன்று. “கர்த்தாவே, இவன் எந்நேரமும் போனை நோண்டுகிறான், திருத்தும்” என்று பிள்ளையின் காதுபட ஜெபித்தால், அவனுக்கு அது திட்டாகத்தான் விழும். அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஜெபத்தில் அவனுடைய பரீட்சைக்காகவும் பயத்துக்காகவும் கேளுங்கள்.

நெல் குவியலுக்குக் காவலிருக்கும் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். முடிவில் அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் நெல்லை எடுக்காமல் அது தேங்கினால், அந்தக் கவலையையும் பிள்ளைகள் முன்னாலேயே ஜெபத்தில் சொல்லுங்கள்.