தேய்த்தாலும் போகாத கழுத்துக் கறுப்பு

கேள்வி: எனக்கு 24 வயது, எடை 50 கிலோதான். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது. தாடையில் முடி முளைக்கிறது. பின்கழுத்துக் கறுப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பரிசோதித்த டாக்டர் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்றார். குண்டானவர்களுக்குத்தானே இது வரும்? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. “கல்யாணமானால் சரியாகிவிடும்” என்கிறார் அம்மா.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: முதலில் கழுத்தைப் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா, புண்தான் ஆகும். அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் கூடும்போது தோல் இப்படித் தடித்துக் கறுப்பதுண்டு. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண்மை ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் கல்லீரல் குறைவாகவே தயாரிக்கிறது. தாடையில் முடி வருவது அதனால்தான். கருமுட்டையும் முழுதாக முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று காட்டுவது இப்படி நின்றுபோன முட்டைப் பைகளைத்தான். அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியவை அல்ல.

ஒல்லியானவர்களுக்கும் இது வரும். “நீ ஒல்லிதானே” என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை. அப்பாவுக்கு வேறு சர்க்கரை இருக்கிறது. வெறும் வயிற்றில் பார்ப்பதோடு விடாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். கொழுப்பு, ரத்த அழுத்தம், தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

முட்டை வெளிப்படாத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பல வருடம் இப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால் 3 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் டாக்டரைப் பார்த்து, மாதவிடாய் வரவைக்கும் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

நீங்கள் எடை குறைக்க வேண்டியதில்லை. பட்டினி வேண்டவே வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டல், முட்டை, கீரையைக் கூட்டுங்கள். நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள். தசை வேலை செய்தால் சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

கல்யாணம் இதற்கு மருந்து இல்லை. அதே சமயம் குழந்தை பிறக்காது என்றும் பயப்படாதீர்கள். முட்டை வெளிப்பட வைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள். அடுத்த முறை அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும் எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார்.